பொய் என்று எழுதிக் கொடு

சென்னை
8.1.2024

அன்புள்ள பச்சமுத்து அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் உங்கள் மகள் தமிழ்மொழியும் நலமா? உன் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைப்பதற்குள் எனக்கு வயசாகிவிடும், அதனால்தான் கடிதம்.

என் நாவல் வந்துவிட்டது அண்ணா! ஒரு பிரதி பார்சலில் வருகிறது. கீழ்நாட்டிலிருந்து வந்து மலையைக் குத்தகைக்குப் பிடித்தவர்கள் நம் ஜனங்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கியதும், மாடு செத்த வருஷம் நம் தாத்தாவையே ஏரில் பூட்டி உழவைத்ததும், அப்பா சொன்னபடியே இருக்கிறது. பேர்களை மட்டும் மாற்றிவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. படித்துவிட்டு எழுது.

உன் தங்கை
செவ்வந்தி

கரியாலூர்
11.2.2024

அன்புத் தங்கச்சிக்கு,

புத்தகம் வந்தது. தமிழ்மொழி சத்தமாகப் படித்தாள். ஏர் பூட்டுகிற இடம் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பேர் மாற்றி என்ன? மலைக்கு வந்த குத்தகைக்காரர் வீடு ஒன்றுதானே. அவர் பேரன் சின்னதுரைதான் இப்போது கச்சிராயபாளையத்தில் மண்டி வைத்து நம் மரவள்ளிக் கிழங்கை எடுக்கிறான். புத்தகச் சேதி காதுக்கு எட்டியதும் லாரியை நிறுத்திவிட்டான். பிடுங்கிய கிழங்கு குவிந்து கிடக்கிறது.

நேற்று ஊர்க்கூட்டம். நம் ஆட்களே கேட்கிறார்கள்: "உன் தங்கச்சி மெட்ராஸ்ல குந்திக்கினு எழுதிட்டா. எங்க கிழங்கு இங்க அழுவுதே, இன்னா பண்ணப் போற?"

சின்னதுரையிடம் போனேன். கோபப்படவேயில்லை. "அதெல்லாம் பொய்னு எழுதிக் குடு பச்சமுத்து. லாரி நாளைக்கே வரும்" என்றான்.

என்ன செய்யட்டும், நீயே சொல்.

அண்ணன்
பச்சமுத்து

சென்னை
20.2.2024

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு வந்து அதிகாரியைப் பார்த்தேன். "வாங்க மாட்டேன்னு சொல்ற வியாபாரிய நாங்க இன்னாம்மா செய்ய முடியும்?" என்றார். பதிப்பாளரிடம் புத்தகத்தை நிறுத்தச் சொன்னேன். கடைகளுக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாதாம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு பஸ் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

சின்னதுரை கேட்கிற அந்தக் காகிதத்தை எனக்கே அனுப்பு. எழுதியவள் நான். பொய் என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்.

செவ்வந்தி

கரியாலூர்
3.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'எங்கள் தாத்தாவை யாரும் ஏரில் பூட்டவில்லை' என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். சின்னதுரை பேனா கொடுத்தான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். மறுநாள் லாரி வந்தது.

நீ போடாதே. நாங்கள் இங்கேயே பிழைக்க வேண்டும், போட்டோம். நீயும் போட்டால் தாத்தாவுக்கு நடந்தது நடக்காமலே போய்விடும்.

தமிழ்மொழிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளிமலைப் பையன். சின்னதுரையைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அவன் வந்து முன்வரிசையில் உட்காருவான். அதனால் பத்திரிகையில் உன் பேரைப் போடவில்லை. "அத்தை இல்லாம இன்னா கல்யாணம்பா?" என்று கேட்டாள்.

நீ வராதே, செவ்வந்தி.

அண்ணன்
பச்சமுத்து