ஏணி ஏறாத வீடுகள்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காது போனுக்குப் பிடிகொடுக்காததால் இந்தக் கடிதம். மருந்துக்கடை அண்ணன் படித்துச் சொல்வார்.

குளம் குட்டை இல்லாத நம் ஊருக்குக் கோடையில் மலேரியா எப்படி வந்தது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, காரணம் கிடைத்துவிட்டது. வெளியிலிருந்து வந்து குடியேறிய புதுக் கொசு. மொட்டைமாடித் தொட்டியில் முட்டையிடுகிறது. எந்த வருஷம் வந்தது என்பதுதான் மிச்சம். அதற்காகச் சுகாதாரத் துறையின் பழைய தொட்டிச் சோதனை அட்டைகளை வரவழைத்தேன். நம் தெருக்களின் அட்டையெல்லாம் நீங்கள் வேலையில் இருந்தபோது வீடு வீடாகப் போய்க் குறியிட்டது! தேள்வால் மாதிரி வளையும் அந்தக் குறி எனக்குத் தெரியாதா? காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வருஷமும் மாடித் தொட்டிகளில் கொசுப்புழு இல்லை என்றே குறி. அப்படியென்றால் கொசு வந்தது காய்ச்சல் வந்த வருஷம்தான். இருபதாம் தேதி அதிகாரிகள் முன்னால் இதைச் சொல்கிறேன். இங்கே எல்லாரிடமும் "எங்கப்பா அட்டை" என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 8

என் படிப்புக்காரிக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். முதல் தரம் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாம் தரம் பாதியிலேயே நிறுத்தி, இவரைப் பேனா எடுக்கச் சொன்னேன்.

அந்த அட்டையை நம்பாதே அம்மா. அந்த இரண்டு வருஷம் எனக்கு முட்டி வீக்கம். இரும்பு ஏணி வீடுகளில் நான் ஏறவே இல்லை. மலேரியாக் கொசு கிணற்றில்தான், மாடியில் இருப்பது வேறு கொசு என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். என்ன கெட்டுப்போகும் என்று கீழே நின்றே குறி போட்டேன்.

"இதையும் எழுதணுமா பெரியவரே?" என்கிறார் இவர். "எழுதுய்யா, உன் வீட்டு மாடிக்கும்தான் ஏறல" என்றேன். பேனாவை வைத்துவிட்டார். இவர் மகள் அந்தக் காய்ச்சலில் பதினொரு நாள் கிடந்தவள். பிறகு அவராகவே பேனாவை எடுத்தார்.

எல்லாம் பொய்யில்லை. படிக்கட்டு வீடுகளில் ஏறினேன். ஏறாதது நாற்பத்து மூன்று. எந்தத் தெரு, எந்தக் கதவு என்று தனித்தாளில் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று. காய்ச்சலுக்கு முந்தைய வருஷம் வக்கீல் வீட்டுத் தொட்டியில் புழு பார்த்தேன். மற்றப் புழு தலைகீழாகத் தொங்கும். இது கிணற்று மலேரியாப் புழு மாதிரி தண்ணீர் மேல் படுத்துக் கிடந்தது. மேற்பார்வையாளர், "மாடியில மலேரியாவா? கொட்டிட்டு வாய்யா" என்றார். கொட்டினேன். கொட்டிய பிறகு இல்லைதானே என்று "இல்லை"யில் குறி போட்டேன்.

என் தப்பு என்றே சபையில் சொல்லு. வேறொருவன் தலையில் விழுந்தால் எனக்குத் தாங்காது.

அப்பா (கைநாட்டு)

மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று நாள் உங்கள் மேல் கடுங்கோபம். நான்காம் நாள் ஆள் அனுப்பி உங்கள் தாளைச் சரிபார்த்தேன். நாற்பத்து மூன்று வீட்டிலும் இரும்பு ஏணி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நேற்றுச் சொல்லிவிட்டேன். "குறி போட்டவர் என் அப்பா. ஏறவில்லை என்று சொன்னவரும் அவர்தான்." ஓர் அதிகாரி, "படிக்காதவர் ஞாபகம் ஒரு ஆதாரமா?" என்றார். "அவர் போட்ட பொய்க்குறியை இத்தனை வருஷம் நீங்க ஆதாரமா வெச்சிருந்தீங்களே சார்" என்றேன். அரங்கமே சிரித்தது.

கொசு காய்ச்சலுக்கு முன்பே வந்திருக்கலாம், வருஷத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்று மாற்றிவிட்டேன். என் ஆராய்ச்சிக் கட்டுரை ஆறு மாதம் தள்ளிப்போகிறது. போகட்டும். அடுத்த மாதம் முதல் எல்லா மாடித் தொட்டியையும் ஏறிப் பார்க்க உத்தரவு போட்டிருக்கிறார்கள். அந்த உத்தரவில் பாதி உங்களால் வந்தது அப்பா.

உங்கள் மகள்

ஏப்ரல் 9

என் தங்கத்துக்கு,

பெற்ற அப்பன் தப்பைச் சபையில் சொல்ல யாருக்கம்மா துணிச்சல் வரும்? உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தொட்டிச் சோதனைக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் தொட்டியிலேயே ஏழு புழு, எல்லாம் படுத்தவாக்கில்! "கண்டுபிடிச்சவ வீட்டுத் தொட்டியிலேயே கொசு குடும்பம் நடத்துதய்யா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார், இதை எழுதும் மருந்துக்கடைக்காரர். அந்தப் பெண், "எழுதாம விட்டுடவா தாத்தா?" என்றாள். "ஏழுன்னு போடும்மா" என்றேன். போட்டாள். புழுவைப் புட்டியில் அடைத்து, மேலே உன் பெயரை எழுதச் சொன்னேன். "யாரு இவங்க?" என்று கேட்டாள்.

உட்கார வைத்துச் சொன்னேன். பாவம், அன்றைக்கு அவளால் வேறு எந்த வீட்டுக்கும் போக முடியவில்லை.

அப்பா (கைநாட்டு)