சாவி கையில், எஞ்சின் நிற்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. காற்று இல்லை. துறைமுகத் தண்ணீர் அசையவில்லை.

பத்து மணிக்கு நிசாமின் அழைப்பு. கிண்ணியாக்காரர், பழைய கார் வாங்கி விற்றுத் தருபவர். நான் சொல்லி வைத்த கார் வந்துவிட்டதாம். ஒன்றல்ல, இரண்டு. ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டும் கையால் கியர் மாற்றுவது, இரண்டும் டேர்போ. சிவப்பு பெற்றோல். சாம்பல் டீசல்.

"அண்ணன், பாத்தா சின்ன கார். மிதிச்சா தெரியும் அது யாரெண்டு. ரெண்டையும் ஓடிப் பாத்துட்டு சொல்லுங்க."

எனக்கு 43. துறைமுகத்து எடைமேடையில் பதினெட்டு வருடமாக மற்றவர்களின் லொறிகளை நிறுத்துக்கொண்டிருக்கிறேன். பாயக்கூடிய சின்னக் கார் ஒன்று வேண்டும் என்ற ஆசையை என் மனைவி வதனிக்கு மட்டும்தான் சொன்னேன். "உங்கட விருப்பம்" என்றாள். அவ்வளவுதான். வாகனக் கதை தொடங்கினால் மனிசி எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். சைக்கிள்கூட ஓடமாட்டாள். படிப்பிக்கப் போவதும் ஆட்டோவில்.

பெற். — சத்தம் அழகு. எஞ்சின் சுற்றச் சுற்ற வேகம். நிறையக் குடிக்கும்.
டீ. — தொட்டவுடன் இழுவை. குறைவாகக் குடிக்கும். ஆனால் என் ஓட்டம் வீட்டிலிருந்து துறைமுகம், பத்து நிமிடம். சூடேற முன் நிற்பாட்டி நிற்பாட்டி எடுத்தால் புகை வடிகட்டி அடைக்குமாம்.

மனம் பெற்றோல். மூளை டீசல்.

மார்ச் 6, வியாழன்

வேலை முடிந்து சிவப்பை ஓடிப் பார்த்தேன். நிலாவெளி வீதி. மூன்றாம் கியரில் முதுகு சீற்றோடு ஒட்டியது. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நிசாம், "அண்ணன், மாடு, மாடு!" மாட்டுக்கு ஒன்றுமில்லை.

தேநீர்க் கடையில் கேட்டது: "டீசல் சாகாது தம்பி. பெற்றோல் இண்டைக்கு ராசா, நாளைக்குப் பிச்சைக்காரன்."

மழைக்கோட் தைக்கக் கொடுத்தது எடுக்கவில்லை.

சனிக்கிழமை டீசலைப் பார்க்கப் போகிறேன். வதனியும் வருகிறாளாம். சந்தைக்குப் போக வேண்டுமாம்.

மார்ச் 8, சனி

எழுத ஏலாமல் இருக்கிறது. எழுதிவிட்டால் அடங்கும்.

சாம்பல் கார். நான் ஓடினேன், பக்கத்தில் வதனி, பின்னால் நிசாம். கன்னியா பக்கம் போய்த் திரும்பினோம். நல்ல இழுவை. டீசல்தான் என்று முடிவெடுத்தும் விட்டேன். உட்துறைமுக வீதியில், கடலோரச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, கியரை விடுவித்து, நிசாமோடு கதைக்கத் திரும்பினேன்.

கால் எதிலும் இல்லை. எஞ்சின் தானாக ஏறத் தொடங்கியது. முதலில் மெல்ல. பிறகு கத்தல். முள் சிவப்புக்குள். கண்ணாடியில் வீதி தெரியவில்லை, வெள்ளைப் புகை மட்டும். சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. சாவியை இழுத்து வெளியே எடுத்தேன். சாவி என் கையில். எஞ்சின் இன்னும் கூடக் கத்துகிறது.

நிசாம், "யா அல்லாஹ், எறங்குங்க, எறங்குங்க!"

நான் சாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதுதான் உண்மை. ஓடவுமில்லை, ஒன்றும் செய்யவுமில்லை.

அப்போது வதனி. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"பிரேக்கை மிதி! கிளட்சை அமத்து! அஞ்சில போடு! கிளட்சை விடு! விடடா!"

கியர்த் தடியை அவளே தள்ளிவிட்டாள். நான் காலை எடுத்தேன். கார் ஒரு குலுக்கல் குலுக்கி, முன்னால் ஒரு துள்ளல் துள்ளி, செத்தது.

அதன்பின் காகச் சத்தம் மட்டும்.

பதின்மூன்று வருடத்தில் என்னை நீ என்று சொன்னதில்லை. அது பெரிதில்லை. சாவி இன்னும் என் கையில், நிசாம் பாதி திறந்த கதவோடு. அவள் கைப் பிரேக்கை இழுத்து வைத்தாள். இறங்கிப் போய்ச் சுவரில் இருந்தாள். கிட்டப் போனேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"சந்தைக்கு நேரம் போகுது" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு. கீரை, பருப்பு, மீன் சொதி. மகள், "அம்மாவும் அப்பாவும் சண்டையோ?" இல்லை என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தவை: வன்னி. தகப்பன் லொறி ஓடினவர், கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுச் செத்தவர். தாய் அதற்கு முந்தியே இல்லை. தம்பி, தங்கை வெளிநாட்டில். பெண் பார்க்கப் போன அன்று சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

பின்னேரம், உடுப்புக் காயப்போடும்போது அவளாகவே சொன்னாள். கொடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நடுவில் ஈரச் சீலை. முகம் தெரியவில்லை.

"பதினஞ்சு வயசில அப்பா லொறி பழக்கினவர். ஒருத்தருக்கும் சொல்லாத எண்டவர்."

"ம்."

"கடைசியில அப்பாவுக்குக் காலில காயம். நான்தான் ஓடினனான். பின்னுக்கு நாப்பது சனம் இருக்கும். டீசல் இல்லை. மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், கிடைச்சதெல்லாம் ஊத்தினது. நடு வழியில இப்பிடித்தான் கத்தினது. அப்பா பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல, நான் அஞ்சில போட்டு நிப்பாட்டினனான்."

சீலையின் நுனியைப் பிழிந்தாள். தண்ணீர் ஏற்கனவே வடிந்துவிட்டது.

"பிறகு அது ஸ்டார்ட் வரேல்ல. சனம் இறங்கி நடந்தது. அப்பாவுக்கு நடக்க ஏலாது. தம்பியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, நான் லொறியோட நிக்கிறன் எண்டவர். போனனான். திரும்பிப் பாக்கேல்ல. பாத்திருந்தா நடந்திருக்க மாட்டன்."

அப்படியென்றால் ஷெல் பட்டது? யாரும் காணவில்லையாம். கேட்கிறவர்களுக்கு அப்படிச் சொல்வது சுகமாக இருந்ததாம்.

நான் நின்றேன். கையில் உடுப்புக் கிளிப் இரண்டு. பதின்மூன்று வருடம் ஒரே வீட்டில். இன்று வரை என் மாமனார் இறந்தவர் என்றே நினைத்திருந்தேன். அவர் எங்கோ ஒரு வீதியில் லொறியோடு நிற்கிறவர்.

மார்ச் 11, செவ்வாய்

நிசாமின் மெக்கானிக் சாம்பலைக் கழற்றினார். டேர்போவின் சீல் போய், எஞ்சின் தன் ஒயிலையே குடித்து ஓடியிருக்கிறதாம். டீசலுக்கு நெருப்புப் பொறி தேவையில்லை, அதனால் சாவிக்கு அடங்காது.

கேட்டேன்: "நிப்பாட்டாம விட்டிருந்தா?"

"வெடிச்சிருக்கும் ஐயா. உள்ளுக்குக் கிடந்த இரும்பெல்லாம் வெளிய வந்திருக்கும். நிப்பாட்டின ஆளுக்குக் கும்பிடு போடுங்கோ."

இதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் வீட்டுக்கு. மருந்து கொண்டு போகிறவன் போல. வதனி பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். சொன்னேன்: அன்றைக்கு லொறியை நீர் நிற்பாட்டாவிட்டால் நாற்பது பேரும் போயிருப்பார்கள்.

"தெரியும். அப்பாவும் அதைத்தான் சொன்னவர்." சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டாள். "தெரிஞ்சு என்ன?"

திருத்திய கொப்பியை வாங்கி அடுக்கினேன்.

அடுத்த கொப்பியை விரித்து, தலை நிமிராமல்: "பெற்றோலையே எடுங்கோ. அது சாவியைத் திருப்பினா நிக்கும்."

மார்ச் 13, வியாழன்

சிவப்பு வீட்டில். நிசாம் டீசலுக்காகப் பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டார். போகும்போது வதனியிடம், "தங்கச்சி, எங்கட உசிரக் காப்பாத்தினீங்க." அவள் தலையாட்டி உள்ளே போய், தேநீர் கொண்டு வந்தாள். வாகனக் கதைக்கு நடுவே வந்து கதிரையில் இருந்தாள். முதல் தடவை.

மார்ச் 16, ஞாயிறு

வெருகல் முருகன் கோயில். காருக்குப் பூசை. சில்லுக்கடியில் தேசிக்காய். மகள் ஐயரோடு சேர்ந்து அவை நசுங்க நசுங்க எண்ணினாள்.

பிறகு கோயிலுக்கு அங்கால் வெறும் வெளி. தண்ணீர்ப் போத்தல் வாங்கித் திரும்பினால் வதனி வலப் பக்கச் சீற்றில், ஸ்டியரிங்குக்கு முன்னால்.

"லைசன்ஸ் இல்லையே" என்றேன்.

"வீதிக்கு ஏத்த மாட்டன். ஏறுங்கோ."

கிளட்ச் ஒரு தரம்கூட இடறவில்லை. வெளியைச் சுற்றினாள். புழுதி. இரண்டாம் சுற்று. பின்னால் மகள் கைதட்டிக் கத்துகிறாள், "அம்மா! அம்மா!" நான் கைப்பிடியைப் பிடித்தபடி வதனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு நேராக, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அகலப் பிடித்து. லொறிக்காரர் பிடிக்கிற பிடி.

மூன்றாம் சுற்றில் கேட்டாள்:

"டாங் நிரப்பினா எவ்வளவு தூரம் போகும்?"

"ஏன், எங்க போக வேணும்?"

இடத்தின் பெயரைச் சொன்னாள். லொறி நின்ற இடம். புல்மோட்டை வழியாக வடக்கே. இதுவரை அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டதில்லை.

போனில் தூரம் பார்த்தேன். போய்த் திரும்பப் போதும்.