மூப்பர் கழற்றிய நான்கு பற்றரிகள்

6 யூலை 1992, திங்கள்
மூப்பர் பிலிப்பு என்னைக் கேளாமல், பங்குக் கோயிலில் நான் பார்க்கும் கொம்பியூட்டரின் நான்கு பற்றரிகளையும் கழற்றித் தன் றேடியோவுக்குப் போட்டார். திகதியோடு எழுதி வைக்கிறேன். பிறகு மறுப்பார்.

சோளகக் காற்று கடும். மேசையெல்லாம் உப்பு மண்.

சாதாரண ரோச் லைட் பற்றரிதான். அரசாங்கத் தடை, கடையில் கிடையாது. பழையதை வெயிலில் காயவைத்து, கம்பி பிடித்து, நானே பொருத்தியது. உள்ளே இருக்கும் ஹாட் டிஸ்க் எந்த வகை என்ற எண்ணைப் பெட்டி மறக்காமலிருப்பது அவற்றால்தான். மறந்துவிட்டது. இன்று ஜெனறேற்றர் போட்டதும், ஹாட் டிஸ்க் இல்லை என்று திரையில்.

மூப்பருக்குக் கூச்சமே இல்லை. “செய்தி கேட்டிட்டுத் திருப்பிப் போட்டிட்டன்தானே. ஜெனறேற்றரைப் போட்டுப் பாத்தன், பெட்டி என்னவோ கேட்டுது, எல்லாத்துக்கும் ஓம் எண்டு குடுத்தன்.”

டிஸ்கில் ஞானஸ்நானப் பதிவு. புத்தகம் ஷெல் விழுந்து எரிந்தது. அதற்கு முன் நான் தனியே தட்டி ஏற்றியது. வேறு பிரதி இல்லை. கரைவலை இழுக்கும் அந்தோனியின் மகள் ஸ்ரெல்லா வெள்ளி கொழும்புக்கு. அங்கே கலியாணம். ஞானஸ்நானச் சான்று இல்லாமல் அங்குள்ள சுவாமி தாலி கட்ட விடமாட்டார்.

என் நினைவில் இருந்த எண் 17. கொடுத்தேன். வரவில்லை.

7, செவ்வாய்
17. கேபிளைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மறுபடி 17. இல்லை. ஜெனறேற்றருக்கு மண்ணெண்ணெய் அரைப் போத்தல் போயிற்று. செருப்பு வாரும் அறுந்தது.

எண்ணை எங்கும் எழுதவில்லை, உண்மை. எழுதி ஒட்டினால் கண்டவரெல்லாம் கை வைப்பர். என் தலைக்குள் இருந்தால் போதும் என்று விட்டேன்.

மூப்பர் பட்டணத்தில் யாரோ கொம்பியூட்டர் படிப்பிக்கிறவரிடம் கேட்டு வந்தார். டிஸ்கை முழுக்க அழித்தால் வேலை செய்யுமாம். பெயர்களையும் சேர்த்தா? அறையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டேன்.

8, புதன்
ஸ்ரெல்லா வந்தாள். இருக்கச் சொல்லாமலே வாங்கில் அமர்ந்தாள்.

“பதினேழு எண்டு ஆர் சொன்னது, ஐயா?”

“நான்.”

“அப்ப ஏன் வரேல்லை?”

படியாத ஆட்களுக்கு இது விளங்காது என்றேன். நானும் எங்கும் போய்ப் படித்தவனல்ல. அவளுக்குத் தெரியும். சொல்லிக் காட்டவில்லை.

“ஒண்டிலையிருந்து போட்டுப் பாப்பம். திரையிலை நாப்பத்தேழு வகைதானே இருக்கு. வெள்ளி வரைக்கும் நான் இருக்கிறன்.”

1. இல்லை.

2. கறகறவென்று சத்தம். பெயர்கள் வரிசையாக ஏறின. ஸ்ரெல்லா மேரி, 1967.

மூன்று நாளாக நான் போட்டுப் பார்க்காத எண். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

9, வியாழன்
காற்று குறைவு. இனிச் செய்யவேண்டியவை:

எங்கள் சுவாமி: ஸ்ரெல்லாவின் சான்றில் ஒப்பம். இன்று பின்னேரத்துக்குள்.

அந்தோனி: நல்ல பற்றரி எங்காவது இருந்தால் தேடித் தருவது. மீன் வேண்டாம்.

மூப்பர்: பெட்டிக்குக் கிட்ட வராமலிருப்பது. ஆனால் அவர் கையெழுத்து அழகு. எனவே கிட்ட வந்து இருந்து, நான் வாசிக்க வாசிக்க, எல்லாப் பெயரையும் கொப்பியில் எழுதுவது.

நான்: பெட்டியின் முகப்பில் 2 என்று எழுதி ஒட்டுவது. பெரிதாக.