இடது காதில் கேட்ட குரல்

கண்டரமாணிக்கம்,
17.11.1998

அன்பு மகன் லூர்து பிரகாஷுக்கு அம்மா சகாயம்மாள் எழுதுவது.

மாதாவின் துணையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் வின்சியும் குழந்தை ஆன் மேரியும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். வின்சியின் கடிதம் வந்தது. அதில் உன் கையெழுத்து ஒரு வரிகூட இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வர உனக்கு லீவு கிடைக்காததை நான் குறையாக நினைக்கவில்லை. அதன் பிறகு நீ ஒரு தடவைகூடப் போன் செய்யாததுதான் என்னை வாட்டுகிறது.

காரணம் தெரியும். டோனி உன்னிடம் உளறியிருக்கிறான். என் அண்ணன் மகனாயிற்றே என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அடக்கத்தன்றே, "மாமா உசுரக் குடிச்சதே இந்தப் போன்தான், இன்னும் எதுக்கு அத்தை இத வச்சிருக்கீக, கெணத்துல வீசுங்க" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டான். நீ மஸ்கட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கம்பியில்லாப் போனைத்தான் சொன்னான்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். நெஞ்சில் பேஸ்மேக்கர் பெட்டி வைத்த பிறகும் அப்பா அந்தப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். தோட்டத்தில் நிற்கும்போது நீ கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. சட்டைப் பை இடப்பக்கம், பெட்டியும் இடப்பக்கம். மதுரை டாக்டர் கோபித்துக்கொண்டார். பெட்டிக்கு ஒரு சாண் தள்ளியே போன் இருக்க வேண்டும், பேசும்போதும் வலது காதில்தான் வைக்க வேண்டும் என்றார். நான் தையல்காரரிடம் கொடுத்து எல்லாச் சட்டையிலும் பையைப் பிரித்து வலப்பக்கம் தைத்து வாங்கினேன். கோயிலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வலது காது அவருக்கு மந்தம் அல்லவா? நீ பேசியதில் பாதிதான் விளங்கும். அப்படியும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

கடைசியாக நீ கூப்பிட்டபோது ஆன் மேரி முதன்முதலாகத் தாத்தா என்றாளே, அந்தச் சின்னக் குரல் வலது காதுக்கு எட்டவில்லை. சட்டென்று இடது காதுக்கு மாற்றிவிட்டார். நான் அதட்டினேன். "செத்த நேரம் சும்மா இரு, பிள்ள பேசுது" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். டோனி அப்போது கூடத்தில் இருந்தான். மறு வாரம் காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இவன் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டான்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. மதுரைக்கே போய் டாக்டரிடம் கேட்டேன். போன் மிக நெருக்கத்தில் இருந்தால் பெட்டி தடுமாறலாம், தள்ளி வைத்ததும் தன் வேலையைச் செய்யும், அன்று பேசியது ஒரு வாரம் கழித்து உயிரை எடுக்காது என்றார். இதயத்தின் தசையே ஓய்ந்திருந்ததாம். பெட்டி துடிக்கத் தூண்டுமே தவிர, பலம் தராதாம். அவர் எதிரில் அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அழுதேன்.

நீ கொடுத்த போனில்தான் அவர் பேத்தியின் குரலைக் கேட்டார். அதற்கு நீ குற்றவாளியைப் போல ஒளிந்துகொண்டால் என்னால் தாங்க முடியாது. வீட்டில் பேச ஆளில்லை, பிரகாஷ். போனை நான் வீசவில்லை. தினமும் சார்ஜில் போட்டு வைக்கிறேன்.

எனக்கு நெஞ்சில் பெட்டி எதுவும் கிடையாது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கூப்பிடு அய்யா.

ஆசீருடன்,
அம்மா