வெயிலில் வைத்த ஜாடி

செவ்வாய்க்கிழமை இரவு, ஆனி, 1976

அண்ணன் அடுத்த அறையில் இன்னும் இருமுகிறான்.

ஆறுமுகநேரி அளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் புரோமின் இருக்கிறதாம். அதில் பேட்டரி செய்வதுதான் கல்லூரிக்குப் போகும் அவன் ஆசை. எட்டாவதோடு நின்ற நான்தான் அவனுக்குத் துணை. கரிக்குச்சியும் துத்தநாகத் தகடும் ஜாடியில் இறக்கி, அப்பா ஓட்டும், முதலாளிக்குச் சொந்தமான லாரியின் பேட்டரியைக் கேட்காமல் எடுத்து வந்து மின்சாரம் கொடுத்தான். கரியைச் சுற்றித் தண்ணீர் செம்பழுப்பானது. லாரி பேட்டரியைக் கழற்றி டார்ச் பல்பை மாட்டினான். எரிந்தது.

ஆனால் நெடி மூச்சை அடைத்தது. அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று ஜாடிக்கு மூடி போட்டு, இறுக்கித் துணி கட்டி, கொல்லையில் ஊறுகாய் ஜாடிகளோடு வெயிலில் வைத்தேன். இன்று சாயங்காலம் அண்ணன் குனிந்து அவிழ்த்தான். பழுப்புப் புகை முகத்தில் அடித்தது.

டாக்டரிடம் போகும் வழியில் அண்ணன் என் காதில், "ஏளா, இதப்பத்தி மூச்சு விடாத. அப்பா வேலை போயிரும்" என்றான்.

"எதையாவது மோந்தானா?" டாக்டர் என்னிடம்தான் கேட்டார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"கடல்காத்துல சட்டையில்லாமத் திரியுதான், சளி பிடிக்காம என்ன செய்யும்?" என்றாள் அம்மா. சளி மருந்து கொடுத்தார்கள்.

இந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று அண்ணனே முன்பு சொல்லியிருக்கிறான்.

இப்போது இருமல் இல்லை. மூச்சு கொரகொரவென்று கேட்கிறது. வேலை போனால் போகட்டும். அப்பாவை எழுப்பப் போகிறேன்.