எட்டாம் பாடம் நடத்த வேண்டிய வாரம்

ஜூலை 8

அன்புள்ள அக்கா,

பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தேன். பரீட்சைக்கு வந்த பிள்ளைகளிடம் வாங்குவதுபோல வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மனித உடலைச் சொல்லித்தருகிறார்களாம். இன்று பலூனை ஊதி, இதுதான் நுரையீரல் என்றார்கள். வெட்கமில்லாமல் எல்லாரும் கைதட்டினோம்.

ஒன்று உறுத்துகிறது. ஏழாம் வகுப்புக்கு நான் எட்டாம் பாடம், அந்த இனப்பெருக்கப் பாடம், எடுக்க இருந்த வாரத்திலா எனக்குப் பயிற்சி வர வேண்டும்? பெண் பிள்ளைகள் வயசுக்கு வருகிற நேரம். வீட்டில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. தலைமையாசிரியர்தான் வேண்டுமென்றே என்னை இங்கே தள்ளிவிட்டார். நீங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்வதால் நிம்மதி. அந்தப் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வாயாடி

ஜூலை 11

அடி வாயாடி,

உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் தலைமையாசிரியர் சதி என்பாய். பாடம் எங்கே ஓடிப்போகிறது? இன்னும் ஒரு வாரம் தங்கவேண்டுமே, மாற்றுத்துணி போதுமா?

கடைசி பெஞ்ச் நெட்டைப் பெண் பள்ளிக்கு வருவதில்லை. சீருடையில் கறை பட்டுவிட்டது. ஏதோ வியாதி, செத்துவிடுவேன் என்று அழுதாள். "சும்மா இரு, யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு வீட்டுக்கு அனுப்பினேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

ஜூலை 14

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான் இன்னும் ஒரு வாரம் தங்கவேண்டும் என்று இன்று காலைதான் இங்கே சொன்னார்கள். அதுவும் எனக்கு மட்டும். உங்களுக்கு எப்படி முன்னாலேயே தெரியும்?

பயிற்சியாளரிடம் கேட்டேன். "உங்க ஸ்கூல்லேர்ந்து ஒரு மேடம் போன் பண்ணாங்கம்மா. அடுத்த பேட்ச்லயும் உங்களை வச்சுக்கச் சொன்னாங்க. உங்க மேல என்ன ஒரு அக்கறை!" என்று சிரித்தார். இனப்பெருக்கப் பாடம் வந்ததும் இதே ஆள், "இது உங்களுக்கே தெரியும், ரூம்ல போய்ப் படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டியவர். ஆசிரியர்களிடமே சொல்லக் கூசுகிறவர் பிள்ளைகளிடம் பேச எங்களுக்கு என்னத்தைச் சொல்லித்தருவார்?

அந்த மேடம் நீங்களா? இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், நம்பிவிடுகிறேன்.

வாயாடி

ஜூலை 16

அன்புள்ள தங்கைக்கு,

நான்தான். நீ இந்தப் பாடம் எடுக்கப்போவது தெரிந்து, உன்னை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி இரண்டு அப்பாக்கள் வந்து கத்தினார்கள். தலைமையாசிரியர் தலையாட்டிக்கொண்டிருந்தார். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்தப் பாடம் கடக்கும்வரை நீ கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான். கோபம் ஆறியதும் எழுது.

உன் அக்கா

ஜூலை 18

மதிப்பிற்குரிய மூத்த ஆசிரியை அவர்களுக்கு,

இன்று பயிற்சியிலிருந்து பாதியிலேயே கிளம்புகிறேன். முதலில் நெட்டைப் பெண்ணின் வீட்டுக்குப் போவேன். அவளுக்கு வந்தது வியாதி இல்லை என்று அவளிடமும் அவள் அம்மாவிடமும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை முதல் பீரியடில் பாடம் எடுப்பேன். அந்த அப்பாக்கள் விரும்பினால் கடைசி பெஞ்சில் வந்து உட்காரட்டும், அவர்களும் படிக்கவேண்டியவர்கள்தான்.

என் வேலை போகலாம். போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பதில் வேண்டாம். ஆசிரியர் அறையில் என் நாற்காலி உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நானே வந்து எடுத்துத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை