மதினி வீட்டு கேஸ் அடுப்பு

என் பிரியமான மதினிக்கு,

நீங்க போய் மூணு வருஷமாச்சு. அண்ணன் சுகமா இருக்காரு. உங்க மக ராணி வெளிநாட்டுல இருந்து லீவுல வந்திருக்கா. ஆனா நான் எழுத உக்காந்தது வேற ஒண்ணுக்கு. உயிரோட இருந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாமப் போனது அது.

எனக்கு உங்க மேல பொறாமை மதினி. சின்னப் பொறாமை இல்ல.

தோட்டத்துல ஒரே லயத்து வரிசையில அடுத்தடுத்த காம்பரா வீடு நமக்கு, நடுவுல ஒரே சுவரு. பதினஞ்சு வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே பாடு. றப்பர் பால் வெட்டி, நிறுத்துக் குடுத்துட்டு, மலைக்கு ஏறி விறகு கட்டிக்கிட்டு வருவோம். மழைக்காலத்துல ஈர விறகு எரியாது, ஊதி ஊதி நெஞ்சு எரியும். உங்களுக்கும் அப்படித்தான்னு எனக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு.

அப்புறம் ராணி மொத லீவுல வந்து, கஹவத்தை டவுன்ல கேஸ் அடுப்பு வாங்கி திரீவீல்ல வச்சுக் கொண்டு வந்தா.

அதுலருந்து நான் அடுப்பை ஊதிக்கிட்டு இருக்கையிலேயே நீங்க தேத்தண்ணி குடிச்சு, தலை சீவி முடிச்சிருப்பீங்க. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனா கங்காணி என் கண்ணைப் பாத்து, "என்ன பாக்கியம், அழுதியா?"ன்னு கேப்பாரு. நீங்க பக்கத்துல பவுடர் பூசிக்கிட்டு நிப்பீங்க.

அந்திக்கு உங்களுக்கு நேரம் மிச்சம். தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வர்ற சிங்களக் கடுதாசிகளை லயத்துப் பொம்பளைகளுக்கு வாசிச்சுச் சொன்னீங்க. மாதர் சங்கத்துக்கு உங்களையே தலைவியாப் போட்டாங்க. நான் விறகோட எறங்கி வர்றப்போ உங்க வாசல் இஸ்தோப்புல சிரிப்புச் சத்தம் கேக்கும்.

"பாக்கியம், கேத்தலைக் கொண்டா, சேத்துக் கொதிக்க வைக்கிறேன்"னு கூப்புட்டீங்க.

"எங்க அடுப்புலயும் தண்ணி கொதிக்கும் மதினி"ன்னேன்.

மறுவாரம் நானே கணக்கப்பிள்ளைகிட்டப் போனேன். "ஏழு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். அந்த சிலிண்டர் வெடிச்சா என்ன செய்றது?"ன்னு பயந்த மாதிரி சொன்னேன். ரெண்டு நாள்ல தோட்டத்துத் தொரையே வந்து பாத்துட்டு எடுக்கச் சொல்லிட்டாரு. அண்ணன் அடுப்பையும் சிலிண்டரையும் டவுன்ல சொந்தக்காரர் கடையில கொண்டு போய் வச்சாரு.

அன்னிக்கு அந்திக்கு ரெண்டு காம்பராவுலயும் புகை வந்துச்சு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு மதினி. பொய் சொல்ல மாட்டேன்.

"யாரு சொல்லியிருப்பா பாக்கியம்?"னு ஒரே ஒரு தடவை கேட்டீங்க. நான் குனிஞ்சு அடுப்பை ஊதினேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?

அந்த மழையோட உங்களுக்கு மூச்சு இழுப்பு வந்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருமுறது எனக்குக் கேக்கும். ரெண்டு வருஷம் அப்படியே கழிஞ்சு, நீங்க போய்ட்டீங்க. சாவு வீட்டுலதான் ராணி அழுதுக்கிட்டே சொன்னா: "அம்மா நெஞ்சுக்குப் புகையில இருக்கவே கூடாதுன்னு ரத்னபுர டொக்டர் அப்பவே சொன்னாரு அத்தே. அதுக்குத்தானே அந்த அடுப்பை வாங்கினேன்."

ஏன் மதினி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? சொல்லியிருந்தா நான் கணக்கப்பிள்ளைகிட்டப் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன்னு அடிச்சுச் சொல்ல எனக்கே தைரியம் இல்ல.

இப்போ லயத்துல நாலு வீட்டுல கேஸ் இருக்கு. யாரும் தடுக்கிறதில்ல. போன வாரம் ராணி டவுன் கடையில இருந்த அந்த அடுப்பை என் வாசல்ல கொண்டு வந்து வச்சா. "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க அத்தே. உங்க கண்ணு பாவம்னாங்க."

வாங்கிக்கிட்டேன். அரை மணியில சோறும் கறியும் ஆயிருச்சு. கை கழுவிட்டு வெளிய வந்து நின்னா, என்ன செய்றதுன்னு தெரியல. என்னைத் தேடி வர ஆளில்ல. உங்களுக்கு இருந்தது வெறும் அடுப்பு மட்டும் இல்லன்னு அப்பத்தான் விளங்குச்சு. இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு. எனக்குக் குடுக்கணும்னு உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

ராணி வர்ற ஞாயித்துக்கிழமை திரும்பப் போறா. அதுக்கு முந்தி அவளைக் கூப்புட்டு, கணக்கப்பிள்ளைகிட்டப் போனது நான்தான்னு சொல்லிருவேன். அதுக்கப்புறம் அவ என்னை அத்தைன்னு கூப்புடாமப் போனாலும் சொல்லிருவேன். இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு.

உங்க வீட்டுக்காரரோட தங்கச்சி,
உங்க நாத்தனா பாக்கியம்